பஞ்சிகாவத்தை லேத் பட்டறையும் என் 2.3 லீற்றர் லான்சரும்

கழற்றிய கதவுகளும் பம்பர்களும் நடைபாதை வரை அடுக்கி வைத்திருக்கும் கொழும்பு பஞ்சிகாவத்தைக் கடைகளைத் தாண்டி, ஒரு முச்சக்கர வண்டி மட்டுமே நுழையக்கூடிய ஒழுங்கைக்குள் இருக்கிறது நான் எஞ்சின் வேலை கொடுத்த பட்டறை. அதற்குப் பெயர்ப்பலகை கிடையாது. பெயரை எழுதுவதை உரிமையாளரும் விரும்பவில்லை. இரண்டு லேத், சிலிண்டரைக் குடைந்து அகலமாக்கும் போரிங் இயந்திரம் ஒன்று, அதன் உட்சுவரைக் கல்லால் தேய்த்துச் சீராக்கும் ஹோனிங் இயந்திரம் ஒன்று, பிஸ்டன்களின் மேல்கீழ் அசைவைச் சுழற்சியாக்கும் கிராங்க் தண்டை உரசும் இயந்திரம் ஒன்று ஆகியவற்றோடு, எல்லாரும் நானா என்று அழைக்கும் முதலாளியும் அவருடைய தம்பியும் மூன்று பையன்களும் அங்கே வேலை செய்கிறார்கள். அளவெடுப்பில் இவர்களுக்கு நான் முழுப் புள்ளி கொடுப்பேன். கழுவித் துடைப்பதில் பாதிப் புள்ளிதான்.

வண்டி டர்போ பூட்டிய மிட்சுபிஷி லான்சர் எவல்யூஷன் 4. வாகன இறக்குமதி 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் அனுமதி கிடைத்த நாட்டில், இருக்கும் எஞ்சினைப் பிரித்துக் கட்டுவதைத் தவிர வேறு வழி எனக்கு இருக்கவில்லை. பிரிப்பதுதான் பிரிக்கிறோம், கொள்ளளவையும் கூட்டிவிடுவோம் என்று முடிவு செய்தேன். அதிலுள்ள 4ஜி63 எஞ்சினின் சிலிண்டர் விட்டம் 85 மில்லிமீற்றர், பிஸ்டன் மேலும் கீழும் ஓடும் தூரமான ஸ்ட்ரோக் 88 மில்லிமீற்றர், கொள்ளளவு 1,997 சீசீ. அதன் அண்ணனான 4ஜி64 எஞ்சினின் கிராங்க் 100 மில்லிமீற்றர் ஸ்ட்ரோக் உடையது. அதை என் புளொக்கில், அதாவது சிலிண்டர்கள் உள்ள எஞ்சின் உடலில், இறக்கினால் 2,270 சீசீ ஆகிறது. பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் ரொட்டின் நீளம் இரண்டிலும் 150 மில்லிமீற்றர்தான். ஆனால் என் புளொக்கின் உயரம் 229 மில்லிமீற்றர் என்பதால், மேலே 6 மில்லிமீற்றர் தூக்கும் கிராங்குக்கு இடம் விட, ரொட்டைப் பிஸ்டனில் கோக்கும் பின்னின் நடுவிலிருந்து பிஸ்டன் தலைவரை இருந்த 35 மில்லிமீற்றர் 29 ஆகக் குறைய வேண்டும். அதற்கேற்ற, அடித்து உருவாக்கிய ஃபோர்ஜ்டு பிஸ்டன்களை வெளிநாட்டிலிருந்து வருவித்தேன்.

முதல் நாளே நானா கேட்டது, 4ஜி64 புளொக்கையே எடுத்தால் என்ன என்பதுதான். நியாயமான கேள்வி. அந்தப் புளொக் 235 மில்லிமீற்றர் உயரம் என்பதால், அதே 29 மில்லிமீற்றர் பிஸ்டனோடு 156 மில்லிமீற்றர் ரொட் போடலாம். ரொட் நீளமாக நீளமாக பிஸ்டன் சிலிண்டர் சுவரில் சாய்ந்து அழுத்துவது குறையும். ஆனால் எஞ்சின் இலக்கம் வாகனப் புத்தகத்தில் இருக்கிறது. புளொக்கை மாற்றினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அலைய வேண்டும். அந்த அலைச்சலை விட, ரொட்டுக்கும் ஸ்ட்ரோக்குக்கும் உள்ள விகிதம் 1.70 இலிருந்து 1.50 ஆக இறங்குவதை ஏற்றுக்கொள்ளலாம் என்று எனக்குத் தோன்றியது. நானா சிரித்துவிட்டு, “அப்போ சுத்துறத குறைச்சிக்கங்க தம்பி, அவ்வளவுதான்” என்றார். எனக்கு இந்த வேலையில் கிடைத்த மிகப் பெறுமதியான ஆலோசனை இதுதான்; அதற்குக் காசும் வாங்கவில்லை.

கணக்குப் பார்த்தால் அவர் சொன்னது சரி. பழைய கிராங்க் நிமிடத்துக்கு 7,500 சுற்றில் ஓடும்போது பிஸ்டனின் சராசரி வேகம் நொடிக்கு 22 மீற்றர். புதிய கிராங்கை அதே சுற்றுக்கு ஏற்றினால் அது 25 ஆகிவிடும். பழைய 22 மீற்றருக்குள் நிற்க வேண்டுமானால் 6,600 சுற்றோடு நிறுத்த வேண்டும். நான் 6,800 இல் கட்டுப்பாடு வைத்திருக்கிறேன். நுவரெலியா மகாகஸ்தொட்ட மலையேற்றம் போல ஓரிரு நிமிடத்தில் முடிந்துவிடும் ஓட்டத்துக்கு இன்னும் கொஞ்சம் துணியலாம். களுத்துறையைத் தாண்டியதும் வரும் கட்டுகுருந்தவில், இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுபாதையின் மீது, நண்பகல் வெயிலில் சுற்றுக்கு மேல் சுற்றாக மிதித்துக்கொண்டே இருப்பவனுக்கு அந்தத் துணிவு வேண்டாம்.

4ஜி64 கிராங்க் தேடுவதில் இரண்டு வாரம் போயிற்று. இங்கே ஓடும் பழைய மிட்சுபிஷி வேன்களிலும் பிக்கப்களிலும் பெரும்பாலானவை டீசல் என்பதால் அது கடைக்குக் கடை கிடைக்கும் பொருள் அல்ல. கிடைத்த இரண்டையும் நானாவிடம் கொண்டுபோனேன். அவர் அளவுகோலைத் தொடுவதற்கு முன், கிராங்கின் பக்கவாட்டில் நீளமாக ஓடும் அச்சுக் கோட்டை விரலால் தடவிக் காட்டினார். ஒன்றில் அது நூல் போல மெலிந்த கோடு, வார்த்தெடுத்தது. மற்றதில் விரலகலத்துக்கு உரசித் தட்டையாக்கிய பட்டை, அடித்து உருவாக்கியது. பிறகு இரண்டையும் கயிற்றில் தொங்கவிட்டுச் சிறு சுத்தியலால் தட்டினார். அடித்துச் செய்தது கோயில் மணி போல நீண்டு ஒலித்தது, மற்றது தகரத்தில் தட்டியது போல அடங்கிவிட்டது. நல்லதை மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் துடைத்து, சுண்ணாம்புத் தூள் பூசி ஓர் இரவு வைத்தார். வெடிப்பு இருந்தால் உள்ளே போன எண்ணெய் வெள்ளையில் கோடாகக் கசிந்து தெரியும். காலையில் வெள்ளை வெள்ளையாகவே இருந்தது. காந்தத் துகள் சோதனை இதைவிட நம்பகமானது என்பதை அவரே ஒப்புக்கொண்டார். அந்த வசதி அவரிடம் இல்லை.

போரிங் வேலையில்தான் இந்தப் பட்டறை மற்றவற்றிலிருந்து விலகி நிற்கிறது. சிலிண்டர்களை மேலே மூடும் ஹெட்டின் பத்து போல்ட்டுகளையும் முறுக்கும்போது சிலிண்டர்கள் வட்டம் மாறும் என்பதால், ஹெட்டின் இடத்தில் தடித்த இரும்புத் தட்டு ஒன்றைப் பூட்டி முறுக்கிவிட்டுத்தான் ஹோன் செய்ய வேண்டும். நான் விசாரித்த வேறு இரண்டு இடங்களில் இதைக் கேட்டபோது என்னை விசித்திரமாகப் பார்த்தார்கள். நானாவிடம் 4ஜி63க்கான தட்டே தயாராக இருந்தது. என்னையும் பக்கத்தில் நிறுத்தி, தட்டோடு, சிலிண்டர் விட்டம் அளக்கும் போர் கேஜை இறக்கி முள்ளைப் பூச்சியத்தில் வைத்துக் காட்டினார். பிறகு போல்ட்டுகளைத் தளர்த்தி மீண்டும் இறக்கினார். இரண்டாவது சிலிண்டரில் முள் 0.02 மில்லிமீற்றர் நகர்ந்தது. நான் போட்ட பிஸ்டன் சிலிக்கன் குறைந்த 2618 கலவை என்பதால் சூட்டில் அதிகம் விரியும். ஆகவே தயாரிப்பாளர் கேட்ட இடைவெளியைத்தான் வைக்க வேண்டும் என்று நான் தாளைக் கொடுத்தேன். நான்கு சிலிண்டரும் அந்த அளவுக்குள் 0.01 மில்லிமீற்றர் வித்தியாசம் இல்லாமல் வந்தன.

பெயரிங்குக்கும் அதற்குள் சுழலும் கிராங்க் பகுதியான ஜேர்னலுக்கும் உள்ள இடைவெளிக்கு நாங்கள் பின்பற்றியது, ஜேர்னல் விட்டத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்ற பழைய பந்தய வழக்கம். மெயின் ஜேர்னல் 57 மில்லிமீற்றர் என்பதால் 0.057, ரொட் ஜேர்னல் 45 என்பதால் 0.045. வீதி வண்டிக்கு இது கூடுதல். ஒயில் 110 பாகைக்கு மேல் ஏறும் ஓட்டத்துக்கு இது வேண்டும். கிராங்கை வெறும் பிஸ்டன் ரொட்டுகளோடு பூட்டிக் கையால் சுழற்றியபோது, இரண்டாம் சிலிண்டரின் ரொட் போல்ட் தலை புளொக்கின் கீழ் விளிம்பை உரசப் பார்த்தது. நானாவின் தம்பி அந்த இடத்தைச் சிறு கல்லால் தேய்த்து 1.5 மில்லிமீற்றர் இடம் விட்டார்.

சிலிண்டருக்குள் காற்று எத்தனை மடங்கு நெருக்கப்படுகிறது என்ற அமுக்க விகிதத்தை, இப்படி ஸ்ட்ரோக்கைக் கூட்டிய ஸ்ட்ரோக்கர் எஞ்சின் கட்டும் பலர் மறந்துவிடுகிறார்கள். எரி அறை அப்படியே இருக்க, உள்ளே இழுக்கப்படும் காற்று கூடினால் 8.8 ஆக இருந்த விகிதம் ஏறக்குறைய 9.9 ஆகிவிடும். டர்போ எஞ்சினை நம் ஊர் 95 ஒக்டேன் பெற்றோலில் இந்த வெயிலில் அந்த விகிதத்தோடு ஓட்டினால் எரிபொருள் கலவை தானாக வெடித்து எஞ்சின் தட்டத் தொடங்கும். பிஸ்டன் தலையில் ஒரு சிலிண்டருக்கு 9 சீசீ அளவு கூடுதல் குழி வேண்டும் என்று முன்பே கணக்கிட்டு வாங்கியிருந்ததால் தப்பித்தேன்.

சமநிலைத் தண்டுகளை எடுத்துவிட்டோம். மிட்சுபிஷி தன் நான்கு சிலிண்டர் எஞ்சின்களை அமைதியாக்க வைத்த இந்த ஏற்பாடு நல்ல ஏற்பாடுதான். போர்ஷே நிறுவனமே தன் 944க்கு இதன் உரிமத்தை வாங்கியது. ஆனால் ஒரு தண்டை ஓட்டும் சின்னப் பெல்ட் அறுந்தால் டைமிங் பெல்ட்டுக்குள் சிக்கி வால்வுகளை வளைத்துவிடும். எடுத்ததன் விலையும் உண்டு: கிராங்க் ஒருமுறை சுற்றுவதற்குள் இருமுறை வரும் இரண்டாம் நிலை அதிர்வை அடக்க இனி எதுவும் இல்லை. நீண்ட ஸ்ட்ரோக்கால், எடை மாறாதிருந்தால், அதே சுழற்சியில் அது 29 சதவீதம் கூடவும் செய்கிறது. வேறு அதிர்வும் அதோடு சேராதிருக்க, ரொட்டுகளையும் பிஸ்டன்களையும் ஒவ்வொன்றும் ஒரு கிராமுக்குள் வரும்படி எடை பார்த்துத் தேய்த்துத் தந்தார்கள். அப்படியும் ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் நான் பிராக்கெட் போல்ட்டுகளை முறுக்கிப் பார்க்கிறேன்.

இனிக் குறை. அசெம்பிளியை தெஹிவளையில் நண்பனின் கராஜில் நானே செய்தேன். முதல் முறை இருபது நிமிடம் ஓட்டி, ஒயில் ஃபில்டரைக் கழற்றி அறுத்து விரித்துப் பார்த்தபோது, மடிப்புகளுக்குள் சாம்பல் நிறக் களிம்பு ஒன்று படிந்திருந்தது. காந்தத்தை வைத்தேன், ஒட்டவில்லை. இரும்பு என்றால் ஒட்டியிருக்கும். இது ஹோனிங் கல்லின் தூள். புளொக்கின் ஒயில் குழாய்களை அடைத்திருக்கும் பிளக்குகளைக் கழற்றாமலே மேலோட்டமாகக் கழுவி அனுப்பியிருக்கிறார்கள். பிரித்தேன். மூன்றாம் மெயின் பெயரிங்கில் நகத்துக்குத் தட்டுப்படும் இரண்டு கீறல்கள் இருந்தன.

அதைப் பத்திரிகைத் தாளில் சுற்றிக்கொண்டு போனபோது, நானாவின் தம்பி, கராஜில் தூசி பட்டிருக்கும் என்று வாதாடினார். நானா வந்து பெயரிங்கை வாங்கி நகத்தால் ஒருமுறை தடவிவிட்டுப் பேசாமல் பையனைக் கூப்பிட்டு, பிளக்குகள் எல்லாவற்றையும் கழற்றச் சொன்னார். முதல் பிளக் வந்த துளையில் தூரிகையை விட்டு இழுத்தபோது அதே சாம்பல் களிம்பு. கழுவியது இலவசம், புதிய பெயரிங் தொகுதியில் பாதி விலையை அவர்கள் ஏற்றார்கள். முழுவதையும் ஏற்றிருக்க வேண்டும் என்பது என் கருத்து. பூட்டுமுன் நானே பிளக்குகளைத் திறந்து பார்த்திருக்க வேண்டும் என்பதையும் மறுக்கவில்லை.

மூன்று வாரம் என்று சொன்ன வேலை ஏழு வாரம் ஆனது. நீங்கள் போய் நின்றால்தான் உங்கள் புளொக் இயந்திரத்தில் ஏறும். தொலைபேசியில் கேட்டால் எப்போதும் நாளை மறுநாள்தான். வெள்ளி மதியம் பட்டறை மூடியிருக்கும். கட்டணம் அதிகமில்லை: போரிங், ஹோனிங், முகப்புச் சீவல், கிராங்க் வேலை, எடை பார்த்தல் எல்லாம் சேர்த்தும் பிஸ்டன் தொகுதியின் விலையில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டவில்லை. பற்றுச்சீட்டு கையெழுத்தில்தான் என்றாலும், அதன் பின்புறத்தில் ஒவ்வொரு சிலிண்டரின் மேல், நடு, அடி அளவுகளையும் இரு திசைகளிலும் எழுதித் தருகிறார்கள்.

இரண்டாவது முறை பூட்டிய எஞ்சின் ஒரு பருவம் ஓடிவிட்டது. அதே டர்போவோடு, முன்பைவிட ஐந்நூறு சுற்று முன்னதாகவே இழுவை எழுகிறது. வளைவிலிருந்து வெளியேறும்போது ஒரு கியரைக் குறைக்கத் தேவையில்லாமல் போகிறது. நீண்ட வலது வளைவொன்றில் ஒயில் அழுத்த முள் சரிந்ததைக் கண்டு, எஞ்சின் அடியிலுள்ள ஒயில் தொட்டியான சம்ப்புக்குள் தடுப்புத் தகடுகளும் ஒயில் குளிரூட்டியும் சேர்த்தேன்; இவை வேறொரு வெல்டிங் கடையின் வேலை. சென்ற மாதம் சம்ப்பைக் கழற்றி மூன்றாம் மெயின் பெயரிங்கை எடுத்துப் பார்த்தேன். கீறல் எதுவும் இல்லை, இடைவெளி 0.06. அடுத்த பருவத்துக்கு ஹெட்டையும் நானாவிடமே கொடுத்திருக்கிறேன். இந்தத் தடவை ஒயில் பிளக்குகளைக் கழற்றி, தனிப் பையில் போட்டு, வீட்டில் வைத்துவிட்டுத்தான் கொண்டுபோனேன்.