நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை: ஆமை நடை

சென்னைக்குப் புதிதாகக் குடிவந்தவர்கள் யாராவது என்னிடம் யோசனை கேட்டால், எஸ்.எஸ்.டி.சி.என். (மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு) நடத்தும் ஆமை நடையைத்தான் முதலில் சொல்வேன். 1988 முதல் கடலாமைகளுக்காக உழைத்துவரும் மாணவர் அமைப்பு அது. பங்குனி ஆமைகள் (ஆலிவ் ரிட்லி) முட்டையிடக் கரையேறும் பருவத்தில், வார இறுதி இரவுகளில் பொதுமக்களையும் உடன் அழைத்துச் செல்கிறார்கள். நீலாங்கரையில் தொடங்கி, கொட்டிவாக்கம், திருவான்மியூர் கடந்து பெசன்ட் நகர் வரை சுமார் 7 கிலோமீட்டர் மணலில் நடக்க வேண்டும்.

நான் மதுரையிலிருந்து மாற்றலாகி வந்த வங்கி ஊழியர். இங்கே உறவென்று யாரும் இல்லை. முன்பின் தெரியாதவர்களோடு நள்ளிரவில் கடற்கரையா என்று அம்மா தொலைபேசியில் பதறினார்.

எங்களை வழிநடத்திய கல்லூரி மாணவிக்கு என் மகள் வயதுதான் இருக்கும். கூட்டில் மணலின் சூடு கூடினால் பெண் குஞ்சுகள் அதிகம் பிறக்கும் என்றார். பொரித்த குஞ்சுகள் வெளிச்சத்தைக் கடலென நம்பிச் சாலைப் பக்கம் ஊர்ந்து மடிவதால்தான் முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்தில் புதைக்கிறார்களாம். கொட்டிவாக்கத்தருகே செத்து ஒதுங்கிய ஆமை ஒன்று கிடந்தது. ஆமை மூச்சுவிட மேலே வந்தாக வேண்டும். இழுவலையில் சிக்கினால் நீரிலேயே மூச்சு முட்டிவிடும். மாணவப் பிள்ளைகள் அதன் ஓட்டின் அளவெடுத்துக் குறிப்பெழுதும் வரை நாங்கள் யாரும் பேசவில்லை.

திருவான்மியூர் தாண்டியதும் ஒரு தடம் தென்பட்டது. மாணவி மெல்லிய கோலால் மணலை அங்கங்கே அழுத்திப் பார்த்தார். ஓரிடத்தில் கோல் சட்டென்று இறங்கியது. தோண்டினால், குடம்போல் அடி அகன்ற குழி நிறைய முட்டைகள். அவர் ஒவ்வொன்றாக எடுக்க, எல்லோரும் சேர்ந்து எண்ணினோம்: 118. என் பக்கத்தில் மகனோடு வந்திருந்த ஆட்டோ ஓட்டுநர், "அக்கா, இத்தனை வருடம் இந்தச் சாலையில் வண்டி ஓட்டுகிறேன், இது தெரியாமல் போயிற்றே" என்றார். அந்தக் குடும்பம் இன்று எனக்கு வீட்டு மனிதர்கள்.

அந்த மாணவிதான் பிறகு ஊரூர் குப்பத்து மீனவப் பெண்களிடம் என்னை அறிமுகப்படுத்தினார். இப்போது காற்றின் பெயர்களை அவர்களிடம் கற்கிறேன். அந்நியர்களிடம் முதலில் நானே பேச்சுக் கொடுக்கும் துணிவை எனக்குத் தந்தவர்கள் இந்தப் பிள்ளைகள். அவர்களுக்கு மனமார்ந்த நன்றி.

போகிறவர்கள் தண்ணீர் கொண்டுபோங்கள். டார்ச் அடிக்காதீர்கள். வாசனைத் திரவியம் வேண்டாம். எல்லா இரவும் கூடு கிடைக்காது; அதற்காகத் தயங்காமல் பெயர் கொடுங்கள்.