‘1861 ஒரிஜினல்’ கான்ஃபெடரேட் கொடி: வாங்கலாமா?

அமெரிக்க இணையக் கடைகளில் இந்தப் பெயரில் கிடைக்கும் 3க்கு 5 அடி பாலியஸ்டர் கொடியைப் பற்றிய விமர்சனம் இது. கான்ஃபெடரேட் என்பது 1861-65 அமெரிக்க உள்நாட்டுப் போரில் அடிமைமுறையைக் காக்கப் பிரிந்துபோன தென்மாநிலங்களின் கூட்டமைப்பு. கொடியில் சிவப்புப் பின்னணி, அதன்மேல் வெள்ளை நட்சத்திரங்கள் பதித்த நீலப் பெருக்கல் குறி. நாடகத்துக்கோ பள்ளிக் கண்காட்சிக்கோ தேடுகிறவர்களுக்கு ஒரே வரியில் பதில்: 1961ஐக் காட்ட வேண்டுமானால் வாங்கலாம், 1861க்கு ஆகாது.

துணி மெல்லியது. அச்சு ஒரு பக்கம்தான். மறுபக்கம் சிவப்பு வெளிறித் தெரியும். கம்பத்தை ஒட்டிய பட்டையில் இரண்டு பித்தளை வளையங்கள். வெளியே பறக்கவிட்டால் காற்றில் அடிபடும் எதிர் ஓரம்தான் முதலில் நூல் நூலாகப் பிரியும். சுவரில் மாட்டினால் தாக்குப்பிடிக்கும்.

குட்டு வெளிப்படுவது அளவில். பின்னாளில் வடக்கு வர்ஜீனியாப் படை என்று பெயர்பெற்ற கான்ஃபெடரேட் படைக்கு 1861 நவம்பரில் கொடுத்த போர்க்கொடி சதுரம். காலாட்படைக்கு 48 அங்குலம், பீரங்கிப்படைக்கு 36, குதிரைப்படைக்கு 30 என்பது விதி. முதலில் வந்தவை பட்டு, 12 நட்சத்திரம். பிறகுதான் மெல்லிய கம்பளித் துணியும் 13 நட்சத்திரமும். பருத்தி நட்சத்திரங்களைத் தனியே வெட்டித் தைத்தார்கள். கயிறு கோக்க உலோக வளையம் கிடையாது, நூல் சுற்றித் தைத்த துளைகள்தான். நீள்சதுரமும் இல்லாமல் இல்லை: 1864இல் இன்னொரு கான்ஃபெடரேட் படையான டென்னசிப் படைக்கு ஏறத்தாழ 36க்கு 52 அங்குலத்தில் ஒன்று, 1863 முதல் போர்க்கப்பல் முகப்பில் இன்னொன்று. 36க்கு 60 என்பது இன்றைய கொடித் தொழிலின் வசதிக்கான அளவு.

‘ஸ்டார்ஸ் அண்ட் பார்ஸ்’ என்று விவரத்தில் போட்டிருந்தால் கடைக்காரருக்கே சரக்கு தெரியாது என்று அர்த்தம். அந்தப் பெயர் 1861 மார்ச்சில் ஏற்ற முதல் தேசியக் கொடியுடையது: சிவப்பு, வெள்ளை, சிவப்பு என மூன்று பட்டை, மூலையில் நீலக் கட்டம், அதில் நட்சத்திர வட்டம். போர்க்களப் புகையில் எதிரியின் கொடிபோலத் தெரிந்ததால்தான் பெருக்கல் குறிக் கொடியே பிறந்தது. வேடிக்கை என்னவென்றால், ஜார்ஜியா மாநிலம் 1956இல் சேர்த்த பெருக்கல் குறியைப் பெரும் சண்டைக்குப் பின் 2001இல் ஓரங்கட்டி, 2003இல் கொண்டுவந்த கொடி இந்த முதல் கொடியின் சாயல்தான். அதற்குப் பெரிய கூச்சல் இல்லை.

ஆகவே சண்டை வடிவத்துக்காக அல்ல, யார் எப்போது எதற்காக ஏற்றினார்கள் என்பதற்காக. 1948இல் கறுப்பினத்தவரின் உரிமைகளை எதிர்த்துப் பிரிந்த தென்மாநில ஜனநாயகக் கட்சியினர் பெருக்கல் குறிக் கொடியைத் தூக்கிப் பிடித்தார்கள். 1961இல் தென் கரோலினா மாநிலம் தன் சட்டமன்றக் குவிமாடத்தில் ஏற்றியது. 2000இல் சமரசமாகக் கீழே இறக்கி, வீரர் நினைவுத்தூண் அருகே 30 அடிக் கம்பத்தில் வைத்தார்கள். அப்போது வெள்ளை ஓரத்தோடு 52 அங்குலச் சதுரம் என்று சட்டத்திலேயே எழுதி வடிவத்தைத் திருத்திக்கொண்டார்கள். சதுரமானதால் ஒரு மனக்காயமும் ஆறவில்லை. 2015 ஜூன் 17 அன்று அதே மாநிலத்தின் சார்ல்ஸ்டன் நகரில், கறுப்பினத்தவர் தேவாலயத்தில் 9 பேர் வெள்ளை இனவெறியன் ஒருவனால் சுட்டுக் கொல்லப்பட்டபோது மற்ற கொடிகள் அரைக்கம்பத்துக்கு இறங்கின, இது இறங்கவில்லை. கம்பத்தில் கப்பி இல்லை. கழற்றத்தான் முடியும், பாதியில் நிறுத்த முடியாது. ஜூலை 10 அன்று கழற்றினார்கள். அதற்குள் வால்மார்ட்டும் அமேசானும் விற்பனையை நிறுத்திவிட்டன. தனியார் வீட்டில் மாட்டுவதை அங்கே சட்டம் தடுப்பதில்லை. வேலையிடத்தில் மாட்டினால் வேலை போகலாம்.

மேடைக்குத் தேவை என்றால் தைத்த கம்பளி நகலைக் கேளுங்கள், விலை பல மடங்கு. ‘தாத்தா காலத்துக் கொடி’ என்று பழம்பொருளாக யாராவது நீட்டினால் ஓரத்து நூல் ஒன்றை உருவிக் கொளுத்துங்கள்: கம்பளி முடி கருகும் வாடை அடிக்கும், பாலியஸ்டர் உருகி மணியாகும். நட்சத்திரத்தைச் சுற்றி ஜிக்ஜாக் தையல் இருந்தால் போர்க்காலத்தது அல்ல. புறஊதா விளக்கில் வெள்ளைப் பகுதி நீலமாக ஒளிர்ந்தால் நவீன நூலாக இருக்கலாம், அல்லது யாரோ சலவைத்தூளில் துவைத்திருக்கலாம். அந்த ஒரு சோதனையை மட்டும் நம்பிப் பணம் கொடுக்காதீர்கள்.