எக்ஸாஸ்ட் குழாய்க்குக் கழற்றி மாட்டும் லேகிங் உறை: துவாஸ் பட்டறை ஒன்றின் வேலை

கப்பல்களை இழுக்கும் டக் போட்களின் என்ஜின் அறைப் பராமரிப்புதான் என் வேலை. எங்கள் படகு ஒன்றின் ஜெனரேட்டருக்கும் மெயின் என்ஜின்களுக்கும் சிங்கப்பூர் துவாஸில் உள்ள ஒரு சின்னப் பட்டறையில் கழற்றி மாட்டக்கூடிய லேகிங் உறைகள், அதாவது சூடான எக்ஸாஸ்ட் (புகை) குழாயை மூடும் வெப்பத் தடுப்பு உறைகள், தைத்து வாங்கினோம். அருமையான வேலை. இதே யோசனையில் இருப்பவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

முன்பு இருந்தது கம்பளி சுற்றி மேலே தகடு அடித்த பழைய பாணி. பெல்லோஸ் (குழாய் சூட்டில் விரிய இடம் கொடுக்கும் மடிப்பு இணைப்பு) மாற்ற வேண்டுமென்றால் அதை வெட்டித்தான் எடுக்க வேண்டும். வேலை முடிந்ததும் படகை உடனே கேட்பார்கள். வெட்டிய இடம் அப்படியே கிடக்கும். போன முறை வந்த கான்ட்ராக்டர் டர்போவுக்கு (புகையின் வேகத்தில் சுழன்று என்ஜினுக்குக் காற்றை அழுத்தித் தரும் கருவி) அடுத்த ஃபிளாஞ்சை, அதாவது குழாய்கள் போல்ட் போட்டு இணையும் வளையத்தை, மொட்டையாக விட்டுவிட்டுப் போனார். அதற்கு எதிரிலேயே டீசல் குழாய்! குழாய் விரிசல் விட்டு அந்த இரும்பின் மேல் டீசல் தெறித்தால், தீப்பொறியே தேவையில்லை, பற்றிக்கொள்ளும். எண்ணெய் தெறிக்க வாய்ப்புள்ள இடத்தில் 220 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாகும் பரப்பை மூடியே ஆக வேண்டும் என்று சோலாஸ் (கப்பல் பாதுகாப்புக்கான சர்வதேச ஒப்பந்தம்) விதி சொல்வது இதற்காகத்தான்.

அளவெடுக்க வந்தவர் புதுக்கோட்டைக்காரர். என்ஜின் ஆறிக் கிடந்த நேரமாகப் பார்த்து வந்தார். டேப்பை எடுப்பதற்கு முன் அவர் கேட்ட முதல் கேள்வி: "அண்ணே, இதுல அடிக்கடி கழட்டுறது எது?" டெம்பரேச்சர் சென்சார், பெல்லோஸ், ஃபிளாஞ்ச் போல்ட் என்று காட்டினேன். ஒவ்வொன்றுக்கும் தனித் துண்டாகத் தைத்துவிட்டார். உள்ளே கண்ணாடி இழைக் கம்பளி, வெளியே சிலிகான் பூசிய துணி, ஓரத்தில் ஸ்டீல் கொக்கி, அதில் கம்பி இழுத்துக் கட்டு. துண்டுக்குத் துண்டு எண் குத்திய சின்னத் தகடு. இப்போது பெல்லோஸைப் பார்க்க வேண்டுமென்றால் ஒருவரே கழற்றி, பார்த்துவிட்டு மாட்டிவிடலாம். இந்த உறைக்கு நான் காசு கொடுத்ததே அதற்காகத்தான். திரும்ப மாட்டாத லேகிங் இருந்தும் பயனில்லை.

லோடில் ஓடவிட்டு அளந்தோம். உள்ளே குழாய் 400 டிகிரியை நெருங்கும்போது துணியின் மேல் 60-க்குக் கீழேதான் இருந்தது. இன்ஃப்ராரெட் துப்பாக்கி பளபளக்கும் தகட்டின் மேல் குறைவாகத்தான் காட்டும். அதனால் பழைய தகடு மிச்சமிருந்த இடத்தில் அவர் ஒரு துண்டு கறுப்பு டேப் ஒட்டி, அதன் மேல் அளந்து காட்டினார். நேர்மையான ஆள்.

எரிபொருள் மிச்சமாகுமா என்று முதலாளி கேட்டார். டர்போவுக்கு முன்னால் மூடினால் வாயுவின் வெப்பம் வீணாகாமல் டர்பைனுக்குப் போகும். டர்போவுக்குப் பிந்தைய குழாயை மூடுவதால் என்ஜினுக்கு நேரடி லாபம் எதுவும் இல்லை. ஆனால் அறை குளிர்கிறது. சிங்கப்பூர் வெயிலில், அறையில் இருந்தே காற்றை இழுக்கும் என்ஜினுக்கு அது பெரிய விஷயம், சூடான காற்றில் ஆக்சிஜன் குறைவல்லவா? வென்டிலேஷன் ஃபேனுக்கும் பாரம் குறையும். உள்ளே நிற்கிற தம்பிகளுக்கு முகத்தில் அடிக்கும் அனல் இல்லை, அது போதும் எனக்கு.

குறை என்றால் இரண்டு. கீழ் வளைவில் ஒரு துண்டு சற்றுத் தளர்வாக வந்தது. சொன்னதும் எடுத்துப்போய் மாற்றித் தைத்துத் தந்தார்கள். விலையும் பழைய பாணி லேகிங்கைவிடக் கூடுதல்தான்.

வாங்குபவர்கள் கவனிக்க வேண்டியவை சில உண்டு. டர்போவின் பேரிங் பகுதியை மூடக் கூடாது. மேனிஃபோல்டை (சிலிண்டர்களின் புகை வந்து சேரும் குழாய்) மூடும் முன் என்ஜின் தயாரிப்பாளரிடம் கேளுங்கள், அதன் வார்ப்பிரும்பு விரிசல் விடலாம். துணியில் எண்ணெய் ஊறினால் துடைத்துவிட்டு விடாமல் அந்தத் துண்டையே மாற்றுங்கள். பழைய படகென்றால் லேகிங்கைப் பிரிக்கும் முன் ஆஸ்பெஸ்டாஸ் (நுரையீரலைக் கெடுக்கும் கல்நார்) இருக்கிறதா என்று சோதனை செய்துவிடுங்கள். கப்பல்களில் அதைப் புதிதாகப் பொருத்துவதற்கு முழுத் தடை வந்ததே 2011-இல்தான்.

அளவுகள் பட்டறையிலேயே பத்திரமாக இருக்கின்றன. ஒரு துண்டு கெட்டால் தகட்டு எண்ணைச் சொன்னால் போதும், படகை நிறுத்தாமலேயே புதிது தைத்துவிடுவார்கள். அடுத்த டாக்கிங்கில் (படகைப் பழுதுபார்ப்புக்குக் கரையேற்றும்போது) எங்கள் இன்னொரு படகையும் இவர்களிடமே கொடுக்கப் போகிறோம்.