நாலு பத்தியில் நாலு சுவிசேஷம்: கூர்ட் ஆலண்டின் ஒப்புநோக்கு நூல்

சுவிசேஷங்களுக்குள் முரண் உண்டா, உண்டென்றால் தீருமா என்று மல்லுக்கட்டுபவர்கள் முதலில் வசனங்களைப் பக்கம் பக்கமாக வைத்துப் பார்க்க வேண்டும். அதற்கு 1963இல் ஜெர்மானிய புதிய ஏற்பாட்டு அறிஞர் கூர்ட் ஆலண்ட் தொகுத்த கிரேக்க ஒப்புநோக்கு நூல் இன்றும் உருப்படியான கருவி. மத்தேயு, மாற்கு, லூக்கா, யோவான் என நான்கு பத்திகள், 367 பகுதிகள். இரண்டாம் நூற்றாண்டுக் கிறிஸ்தவ எழுத்தாளர் தாசியான் செய்ததுபோல நான்கையும் உருக்கி ஒரே கதையாக வார்க்கவில்லை. உருக்கி வார்த்தால் ஒட்டு தெரியாதே!

இயேசு சீஷர்களை ஊழியத்துக்கு அனுப்பும்போது சொன்ன தடி விஷயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மாற்கு 6:8 தடியை மாத்திரம் கொண்டுபோகச் சொல்கிறது. மத்தேயு 10:10 அதுவும் கூடாது என்கிறது. வழக்கமான சமாதானம்: மத்தேயுவின் வினை 'க்தாவொமாய்', சம்பாதிப்பது, மாற்கினுடையது 'ஐரோ', எடுத்துப்போவது. இருக்கிற தடி போதும், புதிதாகத் தேடாதே என்று பொருள். தமிழ்ப் பழைய மொழிபெயர்ப்பும் மத்தேயுவில் "தேடி வைக்கவேண்டாம்" என்றே சொல்கிறது. சரி, மூன்றாம் பத்திக்கு வாருங்கள். லூக்கா 9:3 மாற்கின் அதே 'ஐரோ'வைப் போட்டே தடியை மறுக்கிறது. இரண்டு பூட்டைத் திறந்த சாவி மூன்றாவதில் திரும்பவில்லை.

கிரேக்க-ஆங்கிலப் பதிப்பை வாங்குபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: அதிலுள்ள ஆர்.எஸ்.வி. (Revised Standard Version) ஆங்கில மொழிபெயர்ப்பு இரண்டு வினைக்கும் ஒரே சொல்லைப் போடுகிறது. ஆங்கிலத்தை மட்டும் பார்த்தால் அந்தச் சமாதானம் எங்கிருந்து வந்தது என்பதே புரியாது.

வேலைக்காரனைக் குணமாக்கும்படி இயேசுவைக் கேட்ட நூற்றுக்கு அதிபதி (ரோமப் படைத்தலைவன்) விஷயம் இதைவிட எளிது. மத்தேயு 8:5இல் அவனே வருகிறான், லூக்கா 7:3இல் மூப்பரை அனுப்புகிறான். ஆள்விட்டுச் செய்ததை அவனே செய்ததாகச் சொல்வது கிரேக்கத்தில் சகஜம்: யோவான் 19:1இல் பிலாத்து "அடித்தான்" என்றுதான் மூலம், தமிழில் "அடிப்பித்தான்".

படிக்கும்போது மற்ற மூன்று பத்திகளையும் தாளால் மூடி, ஒவ்வொன்றையும் தனியாக முடியுங்கள். பிறகு வினைகளையும் எண்களையும் மட்டும் கோடிடுங்கள். எடுத்த எடுப்பில் குறுக்கே தாவினால் ஒருவர் சொல்லாததை இன்னொருவர் வாயில் போட்டுவிடுவோம். 1537இல் நான்கு சுவிசேஷங்களையும் இசைத்து நூல் செய்த லுத்தரன் இறையியலாளர் ஒசியாண்டர் வேறு பக்கம் சறுக்கினார்: விவரம் மாறினால் சம்பவமே வேறு என்று வைத்து, இயேசு உயிரோடு எழுப்பிய யவீருவின் மகளை ஒரு தடவைக்கு மேல் உயிர்ப்பிக்க வேண்டிவந்தது.

குறை என்றால், இது சுவிசேஷங்களுக்கான நூல். பழைய ஏற்பாட்டில் யூதாவின் அகசியா ராஜாவானது 22 வயதிலா (2 இராஜாக்கள் 8:26), 42 வயதிலா (2 நாளாகமம் 22:2) என்பதற்கு இதில் உதவி இல்லை. அதற்கு நாளாகமத்தில் முந்தின அதிகாரமே போதும்: தகப்பன் யோராம் 32 வயதில் பட்டமேறி எட்டு வருஷம் ஆண்டு இறந்தான். மகனுக்கு அப்போது 42 ஆக வழியில்லை. படியெடுத்தவர் கை தவறியிருக்கிறது.