எம்.ஜி.ஏ காருக்கு 3.909 பின் அச்சு விகிதம்: ஒரு மதிப்பீடு

1955இல் அறிமுகமான எம்.ஜி.ஏ என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரின் பின் அச்சில் பினியனுக்கு (இன்ஜின் பக்கமிருந்து சுழலும் சிறிய பற்சக்கரம்) 10 பற்களும் கிரவுன் வீலுக்கு (அது சுழற்றும் பெரிய பற்சக்கரம்) 43 பற்களும் இருப்பதால் விகிதம் 4.3 ஆகிறது, நான்கே கியர்கள் கொண்ட அந்தக் கார் நெடுஞ்சாலையில் ஓயாமல் அலறுவதற்கு இதுவே முக்கியக் காரணம். அடுத்து வந்த எம்.ஜி.பி காரின், 11க்கு 43 பற்கள் கொண்ட 3.909 செட்டுக்கு மாறிய பிறகு, முன்பு இன்ஜின் நிமிடத்துக்கு 4,000 சுற்றில் எட்டிய வேகம் ஏறத்தாழ 3,640 சுற்றிலேயே கிடைக்கிறது. காதுக்குப் பெரிய நிம்மதி.

நான் வாங்கியது பழைய செட். விற்றவர் "அப்படியே பூட்டலாம்" என்றார். ஆனால் பற்கள் எங்கே தொடுகின்றன என்று பார்க்க நீல மை தடவிச் சுழற்றியபோது பற்களின் ஓரத்திலேயே தடம் விழுந்தது. ஷிம் எனும் மெல்லிய இடைத்தகட்டின் கனத்தை மாற்றித் தடத்தை நடுவுக்குக் கொண்டுவராமல் விட்டிருந்தால் அச்சு ஊளையிட்டிருக்கும்.

விகிதம் குறைந்ததால் இழுவிசையும் குறைந்து, மேட்டில் கிளம்பும்போது கிளட்சைக் கூடுதலாக வழுக்கவிட வேண்டியிருக்கிறது. வேகமானியின் கேபிள் கியர்பாக்ஸிலிருந்து வருவதால், மாற்றத்துக்கு முன் சரியாகக் காட்டிய முள் இப்போது 100இல் நிற்கும்போது கார் உண்மையில் 110இல் போகிறது. அதைத் திருத்தியே ஆக வேண்டும். மலைப்பாதையில் மட்டும் ஓட்டுபவர் 4.3ஐ மாற்றாமலிருப்பதே நல்லது.