யூடிவி வண்டியோடு ஐந்து ஆண்டுகள்: வாங்கும்போது பார்க்கத் தவறியவை

இருவர் அருகருகே அமர்ந்து ஸ்டீயரிங் பிடித்து ஓட்டும், பின்னால் சரக்குத் தொட்டி கொண்ட யூடிவி ஒன்றைத் தோட்ட வேலைக்காக வாங்கி ஐந்து ஆண்டுகள் ஆகின்றன. எஞ்சின் ஓடிய நேரத்தைக் காட்டும் மீட்டர் 1,400 மணி நேரத்தைத் தாண்டிவிட்டது. வாங்கும்போது நான் முதலில் பார்த்தது குதிரைத்திறனைத்தான். இந்த வண்டி தன் வாழ்நாளில் பெரும்பகுதி மணிக்கு 15 கிலோமீட்டருக்குள் பாரத்தோடு ஊர்ந்துதான் போகப்போகிறது என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

மெதுவாக ஓடும் வண்டிக்கு எஞ்சினைவிட முக்கியமானது, அதன் விசை சக்கரத்துக்குப் போய்ச் சேரும் விதம். பெரும்பாலான யூடிவிகளில் இரண்டு புல்லிகளுக்கு நடுவே ரப்பர் பெல்ட் ஓடும் சிவிடி அமைப்புதான் இருக்கிறது. இரண்டாம் ஆண்டில், ஈரமான மரக்கம்பங்களை ஏற்றிக்கொண்டு ஹை கியரிலேயே மேட்டில் ஏறியபோது டயர் எரிவதுபோல் நாற்றம் வந்தது. ஆறிய பிறகு மூடியைக் கழற்றினால் உள்ளே எங்கும் கருந்தூள். பெல்ட்டின் பக்கவாட்டில் ஓரிடம் மட்டும் தேய்ந்து கண்ணாடிபோல் பளபளத்தது. அதன்பின் என்ன செய்தாலும் அந்த இடத்தில் பெல்ட் 'தடக் தடக்' என்று அதிர்வதை நிறுத்தவில்லை, மாற்றத்தான் வேண்டியிருந்தது. தவறு வண்டியுடையது அல்ல, என்னுடையது. பாரமும் மேடும் சேர்ந்தால் லோ கியர் என்று கையேட்டில் எழுதியிருக்கிறது; அதைப் படித்தது பெல்ட் போன பிறகு.

பெல்ட்டே வேண்டாம் என்பவர்களுக்கும் வழி உண்டு. ஹோண்டா பயனீர் 1000 இரட்டை கிளட்ச் கியர்பெட்டியில் ஓடுகிறது. குபோட்டாவின் டீசல் ஆர்டிவி வண்டிகள் பலவற்றில் எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் ஹைட்ரோஸ்டாட்டிக் அமைப்பு இருக்கிறது. அதில் வேகம் குறைவு, ஆனால் இறக்கத்தில் காலை எடுத்தாலே வண்டி தானாகத் தணியும். சில பெல்ட் வண்டிகளில் எஞ்சின் வேகம் குறைந்ததும் பெல்ட்டின் பிடி விட்டு வண்டி தன்போக்கில் உருளத் தொடங்கும் என்பதால், வெறும் வண்டியைச் சமதரையில் ஓட்டிப் பார்ப்பதில் பயனில்லை. பாரம் ஏற்றி, சரிவில் இறக்கிப் பார்க்க அனுமதி கேளுங்கள்; கேட்க நான் கூச்சப்பட்டேன்.

பாரக் கணக்கிலும் ஏமாந்தேன். வண்டியின் மொத்தச் சுமைத்திறன் என்பதில் ஆட்களும், நாம் பூட்டும் கூரை, முன்கண்ணாடி, வண்டியை இழுக்கும் வின்ச் எல்லாமும் அடக்கம். மொத்தம் 500 கிலோ என்றால், இரண்டு ஆட்களுக்கு 150, துணைக்கருவிகளுக்கு 80 போகத் தொட்டிக்கு மிஞ்சுவது 270 கிலோதான்.

அகலத்தை மட்டும் நல்லவேளையாக அளந்தேன். 50 அங்குலத்திலிருந்து 64 அங்குலம் வரை வண்டிகள் உண்டு. என் வாயிற்கதவுகளுள் குறுகலானதில் டேப் பிடித்துப் பார்த்த பிறகே பெரியதைக் கைவிட்டேன். பின் டிஃபரன்ஷியலை விடுவிக்கும் வசதி, அதாவது இரு பின்சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் வசதி, இருப்பது நல்லது. இல்லாவிட்டால் ஒவ்வொரு திருப்பத்திலும் பின்சக்கரங்கள் தரையைப் பெயர்த்துவிடும்.

கவிழ்ந்தால் காக்கும் இரும்புக் கூண்டு, சீட் பெல்ட் அணிந்தவரைத்தான் காக்கும். வண்டி சாயும்போது கையோ காலோ தன்னிச்சையாக வெளியே நீளும். அதனால் பக்கவலையையும் மாட்டாமல் நான் கிளம்புவதில்லை.

பழைய வண்டி வாங்குவோர் மணி நேரத்தையும் கிலோமீட்டரையும் சேர்த்தே பார்க்க வேண்டும். 1,000 மணி நேரத்தில் 5,000 கிலோமீட்டர் என்றால் சராசரி மணிக்கு 5. நின்றபடியும் ஊர்ந்தும் உழைத்த வண்டி அது. சக்கர அச்சின் ரப்பர் உறைகள் கிழிந்து கிரீஸ் சிதறியிருக்கிறதா, ஏர் ஃபில்டருக்கு அப்பால் எஞ்சின் பக்கக் குழாயில் தூசி படிந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். உதிரிபாகம் எத்தனை நாளில் வரும் என்பதையும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். ஒரு சக்கர பேரிங்குக்காக என் வண்டி அறுவடைக் காலத்தில் மூன்று வாரம் கொட்டகையில் நின்றது. இப்போது இருக்கைக்கு அடியில் ஒரு பெல்ட்டும் இரண்டு பேரிங்குகளும் எப்போதும் இருக்கின்றன.