அம்பர், குந்துருக்கம்: அத்தரா, ஸ்பிரேயா?

கீழக்கரைக்கு வளைகுடாவிலிருந்து விடுமுறையில் வருபவர்கள் பெட்டியில் அம்பரும் குந்துருக்கமும் (ஒரு மரப்பிசின்) கலந்த வாசனை அத்தராகவும் ஸ்பிரேயாகவும் இருக்கும். மணம் ஒன்றுதான்; உடம்பில் நடந்துகொள்வது வேறு.

ஸ்பிரே அடித்ததும் ஆல்கஹால் சட்டென ஆவியாகி, குந்துருக்கத்தின் எலுமிச்சை கலந்த பிசின் வாசம் முதலில் பாயும். அந்தப் பத்து நிமிடம் அருமை. அப்புறம் பாம்பன் பாலத்தில் நின்றால் பாதி காற்றோடு போய்விடும்.

எண்ணெயான அத்தர் அவசரப்படாது. மணிக்கட்டில் ஒரு சொட்டு, காதோரம் ஒரு சொட்டு. தோல் சூடேற ஏற லப்தனம், பென்சாயின் என்ற பிசின்களும் வெனிலாவும் சேர்ந்த அம்பரின் இனிப்பு மெல்ல எழும். (இது திமிங்கலத்தின் குடலில் உருவாகும் அம்பர் அல்ல. அதை வைத்திருப்பது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.) வெள்ளி மதிய ஜும்ஆ தொழுகைக்குப் பூசியது அந்தி மஃரிபிலும் சட்டைக் கழுத்தில் நிற்கும். உம்மா தணலில் சாம்பிராணி தூவி அறை அறையாகக் காட்டிய வெள்ளி மாலைகள் அப்படியே திரும்பி வரும். எனக்கு இதற்கு ஈடு கிடையாது.

வெள்ளைச் சட்டையில் எண்ணெய்க் கறை படியும், அது மெய்யான குறை. ஏசி போட்ட கல்யாண மண்டபத்துக்கு ஸ்பிரே போதும். சித்திரைப் புழுக்கத்தில் இரண்டுமே திகட்டும். மார்கழி வாடைக்கு அத்தர்தான்.